கோல்கோண்டைக் கட்டியது யார்? ஆன்டொனின் ரேமண்டும் புதுச்சேரியின் சாம்பல் நிற விடுதியும்

புதுச்சேரியின் பாரம்பரியக் கட்டிடங்கள் என்றதும் மஞ்சள் சுவர், வளைவு வாசல், உயரமான மர ஜன்னல் என்றுதான் மனசில் படம் வரும். அந்த வரிசையில் கோல்கோண்ட் என்ற பெயரைப் பார்க்கிறவர்கள் குழம்பிப் போகிறார்கள். அரவிந்தர் ஆசிரமத்தின் விடுதி அது. பூச்சு இல்லாத கான்கிரீட். அலங்காரம் என்று எதுவும் கிடையாது. வழக்கமான ஜன்னல் ஒன்றுகூட முகப்பில் தெரியாது. ஆனால் கட்டிடக்கலை வரலாறு எழுதுகிறவர்கள் இதை இந்தியாவின் முதல் நவீனக் கட்டிடங்களில் ஒன்றாக வைக்கிறார்கள். பிரான்சிலிருந்து வந்த கட்டிடக் கலைஞர் லெ கொர்புசியே சண்டிகர் நகரை வடிவமைக்கும் வேலையை ஏற்றது 1951 வாக்கில். அதற்குப் பத்தாண்டுக்கும் முன்பே இங்கே கான்கிரீட் எழும்பிக்கொண்டிருந்தது.

யார் கட்டியது என்று கேட்டால் ஊரில் பல பதில்கள் வரும். ஜப்பானில் இருந்து வந்தவர் கட்டினார் என்பார்கள், அமெரிக்கர் என்பார்கள், ஆசிரமத்துக்காரர்களே கட்டிக்கொண்டார்கள் என்றும் சொல்வார்கள். எல்லாமே ஓரளவு உண்மைதான். எப்படி என்று புரிய, இதை வரைந்த ஆன்டொனின் ரேமண்ட் என்ற கட்டிடக் கலைஞர் எங்கிருந்து வந்தார், யாரை அனுப்பினார், எதை யோசித்து வரைந்தார் என்று பார்க்க வேண்டும்.

முதலில் மூன்று சொற்கள்

1. கட்டிடக் கலைஞர். ஆர்க்கிடெக்ட் என்று நாம் சொல்பவர். அறை எங்கே, திறப்பு எந்தப் பக்கம், எந்தப் பொருள் என்று முடிவு செய்பவர். தூணும் உத்தரமும் எவ்வளவு கனம் என்று கணக்குப் போடுவது கட்டமைப்புப் பொறியாளர் வேலை. கட்டி முடிப்பது மேஸ்திரியும் கொத்தனாரும். நம் பக்கத்தில் சின்ன வீடு என்றால் இந்த மூன்று வேலையையும் ஒரே ஆள் பார்ப்பது உண்டு. அதனால் ஆர்க்கிடெக்ட் என்றால் முன்பக்க எலிவேஷன் போட்டுத் தருகிறவர் என்ற எண்ணம் பலருக்கும் தங்கிவிட்டது.

2. வெட்டுப் படம். வீட்டை மேலிருந்து பார்ப்பது போல வரைவது தரைப் படம், பிளான். அதே வீட்டைச் செங்குத்தாக வெட்டிப் பக்கவாட்டில் பார்த்தால் வெட்டுப் படம். காற்று எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது, வெயில் எந்தக் கோணத்தில் விழுகிறது என்பதெல்லாம் இதில்தான் தெரியும். கோல்கோண்டைப் புரிந்துகொள்ள இந்தப் படம்தான் வேண்டும்.

3. லூவர். கிடைமட்டமாக ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிய சாய்வுப் பலகைகள். வெயிலையும் பார்வையையும் தடுக்கும், காற்றை விடும். புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுன் வீடுகளின் பழைய மர ஜன்னல்களிலும் இதன் சின்ன வடிவம் இருக்கிறது.

கிளாட்னோவில் தொடங்கி டோக்கியோ வரை

ஆன்டொனின் ரேமண்ட் 1888-ல் போஹிமியாவின் கிளாட்னோ நகரில் பிறந்தார். இன்று அது செக் குடியரசில் இருக்கிறது. பிராகில் படித்துவிட்டு 1910-ல் அமெரிக்கா போனார். நியூயார்க்கில் காஸ் கில்பர்ட்டின் அலுவலகத்தில் வேலை. அப்போது உலகிலேயே உயரமான கட்டிடமாக எழுந்துகொண்டிருந்த உல்வொர்த் கட்டிடம் அந்த அலுவலகத்தின் படைப்பு. பிரான்சில் பிறந்த ஓவியர் நோயெமியை 1914-ல் மணந்தார். அறைகலன், துணி, உள் அலங்காரம் என்று கடைசி வரை அவருடைய வேலையில் நோயெமியின் கை இருந்தது.

பிறகு அமெரிக்காவின் புகழ்பெற்ற கட்டிடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட்டிடம் சேர்ந்தார். ரைட்டின் இம்பீரியல் ஹோட்டல் வேலைக்காக 1919 கடைசியில் டோக்கியோவுக்குப் போனார். ரைட்டோடு நெடுநாள் நிற்கவில்லை. அந்த ஹோட்டலின் கனத்த அலங்காரத்துக்கும் ஜப்பானுக்கும் சம்பந்தமில்லை என்று அவருக்குப் பட்டது. 1920-களின் தொடக்கத்தில் சொந்த அலுவலகம் தொடங்கினார்.

ஜப்பானில் அவருக்கு இரண்டு பாடங்கள் கிடைத்தன. ஒன்று, 1923 செப்டம்பர் 1-ம் தேதி வந்த பெரும் நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த தீயும். டோக்கியோவின் பெரும்பகுதி அழிந்தது. ஆட்டத்தையும் தீயையும் தாங்க, கம்பி வைத்த கான்கிரீட் தேவைப்பட்டது. ரேமண்ட் டோக்கியோவின் ரெய்னான்சாக்காவில் தன் சொந்த வீட்டையே பூசாத கான்கிரீட்டில் கட்டிப் பார்த்தார். இன்னொரு பாடம் அந்த நாட்டுக் கிராம வீடுகளும் தச்சர்களும். தூண் தூணாகவே தெரியும். தள்ளுகதவை விலக்கினால் அறையும் தோட்டமும் ஒன்றாகிவிடும். எதையும் மறைக்க எதுவும் ஒட்டப்படவில்லை. எளிமை, நேர்மை, நேரடித்தன்மை, சிக்கனம், இயல்பு என்று பிற்காலத்தில் அவர் திரும்பத் திரும்பச் சொன்ன ஐந்தும் அங்கே கற்றவை.

அவர் அடுத்தவரிடம் எடுத்துக்கொண்டதும் உண்டு. கருயிசாவாவில் 1933-ல் கட்டிய கோடைவீடு, லெ கொர்புசியே சிலி நாட்டுக்கு வரைந்து கட்டப்படாமல் போன ஒரு வீட்டின் வடிவத்தைப் பின்பற்றியது. ஆனால் அங்கே கிடைத்த மரத்தில், உள்ளூர்த் தச்சர் கையில் அதை வேறாக்கினார். வடிவம் எங்கிருந்தும் வரலாம், பொருளும் செய்முறையும் நிற்கிற மண்ணைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும் என்ற இந்தப் பழக்கத்தைப் புதுச்சேரிக்கும் கொண்டுவந்தார். பின்னாளில் ஜப்பானின் முன்னணிக் கட்டிடக் கலைஞர்களான குனியோ மயேகாவா, ஜுன்சோ யோஷிமுரா இருவரும் அவர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள்.

புதுச்சேரிக்கு அழைப்பு வந்த வழி

ஆசிரமத்தை நடத்திவந்த, ஸ்ரீ அன்னை என்று ஊர் அறிந்த மிர்ரா அல்ஃபாசா, 1916 தொடங்கி 1920 வரை ஜப்பானில் இருந்தவர். ஆசிரமத்தில் பவித்ரா என்று அழைக்கப்பட்ட பிலிப் பார்பியே சேந்திலேர் பிரெஞ்சுப் பொறியாளர். அவரும் 1920-களின் முதல் பாதியில் ஜப்பானில் வாழ்ந்தவர், ரேமண்டை அங்கேயே அறிந்தவர். ஆசிரமத்தில் ஆள் பெருகி, தங்க இடம் போதாமல் போனபோது அழைப்பு டோக்கியோவுக்குப் போனது இந்த அறிமுகத்தால்தான்.

பணம்? ஹைதராபாத் சமஸ்தானத்தின் திவான் சர் அக்பர் ஹைதரியின் முயற்சியால் நிஜாம் அரசு ஒரு லட்சம் ரூபாய் தந்தது. அந்த நன்றியில்தான் ஹைதராபாத் பக்கத்துக் கோல்கொண்டாவின் பெயர் விடுதிக்கு வந்தது.

1937-ல் வேலை தொடங்கியது. சில மாதத்தில் முடிந்துவிடும் என்பது ரேமண்டின் கணக்கு. அதே ஆண்டில் ஜப்பான் சீனாவோடு போரில் இறங்கியது. ரேமண்ட் குடும்பத்தோடு ஜப்பானை விட்டுக் கிளம்பி, புதுச்சேரியில் சில மாதங்கள் தங்கி வேலையைப் பார்த்துவிட்டு அமெரிக்கா போனார். கட்டிடமோ 1940-களின் முதல் பாதி வரை இழுத்தது. அதாவது, வரைந்தவர் இல்லாமலேதான் அதன் பெரும்பகுதி கட்டப்பட்டது. அவர் இல்லாத ஆண்டுகளில் அந்த வரைபடம் சிதையாமல் இருந்ததற்குக் காரணம் உடன் நின்றவர்கள்.

பெயர்ப் பலகையில் வராதவர்கள்

ஜார்ஜ் நாகஷிமா 1905-ல் அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தவர். கட்டிடக்கலை படித்து, ரேமண்டின் டோக்கியோ அலுவலகத்தில் சேர்ந்து, அங்கிருந்து இந்த வேலைக்காகப் புதுச்சேரி வந்தார். வேலைக்கு வந்தவர் ஆசிரமவாசியாகவே ஆகி, அரவிந்தரிடம் சுந்தரானந்தா என்ற பெயரும் பெற்றார். 1939-ல் கிளம்பினார். ஊரில் சொல்லும் "ஜப்பான்காரர்" பெரும்பாலும் இவர்தான்.

அடுத்து ஃபிரான்டிஷெக் சாமெர். செக் நாட்டின் பில்சனைச் சேர்ந்தவர். பாரிசில் லெ கொர்புசியேவிடமும், பிறகு சோவியத் நாட்டிலும், பிறகு ரேமண்டிடமும் வேலை பார்த்தவர். நாகஷிமா போன பிறகும் இருந்து, போர்க்காலத்தில் வேலையைத் தாங்கியவர். வரலாற்றில் இவர் பெயர் சின்ன எழுத்தில்தான் வருகிறது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

ஆசிரமத்தின் பங்கு தனி. பொறியாளர் சந்துலால் தளத்தில் இருந்தார். உதார் பின்டோ பொறுப்பில் ஹார்ப்பகான் என்ற பட்டறை உருவானது. கட்டுமானத்துக்கு வேண்டிய கருவிகள், உலோக உதிரிகள் பலவும் அங்கேயே செய்யப்பட்டன. போர் காரணமாக வெளியிலிருந்து சாமான் வருவது தடைபட்ட காலத்தில் அந்தப் பட்டறை இல்லாவிட்டால் வேலை நின்றிருக்கும். கட்டுமானப் பழக்கமே இல்லாத சாதகர்களும் (ஆசிரமத்தில் ஆன்மிகப் பயிற்சியில் இருப்பவர்கள்), கூலிக்கு வந்த உள்ளூர்த் தொழிலாளர்களும் சேர்ந்து ஜல்லி சலித்தார்கள், கம்பி கட்டினார்கள், கான்கிரீட் சுமந்தார்கள்.

பூசாத கான்கிரீட்டில் இது எவ்வளவு கடினம் என்பது தளத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். சென்ட்ரிங் பலகையின் ஒவ்வொரு இணைப்பும் கான்கிரீட்டில் அப்படியே பதியும். பலகை கொஞ்சம் வளைந்தால் சுவர் வளையும். இடையில் வேலை நின்றால் கோடு விழும். வழக்கமாக மேஸ்திரி சொல்லும் "பூச்சுல சரி பண்ணிக்கலாம்" என்பதற்கு இங்கே இடமே இல்லை. அதனால்தான் அவசரம் கூடாது என்று ஆசிரமம் வைத்த முறை வேலைக்குப் பொருந்தியது. குத்தகைக்காரர் ஒருவர் தேதி குறித்துக்கொண்டு வந்திருந்தால் இந்தத் தரம் வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

பின்னால் நடந்ததையும் சொல்ல வேண்டும். போரில் அமெரிக்கா இறங்கியதும் ஜப்பானிய வம்சாவளியினரைத் தடுப்பு முகாம்களில் அடைத்தார்கள். நாகஷிமாவும் மனைவியும் கைக்குழந்தையும் ஐடஹோவின் மினிடோகா முகாமில் இருந்தார்கள். 1943-ல் அவரைப் பொறுப்பெடுத்து வெளியே கொண்டுவந்து, பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் இருந்த தன் பண்ணையில் தங்கவைத்தது ரேமண்ட். அதே 1943-ல், தீக்குண்டு சோதனைக்காக யூட்டா பாலைவனத்தில் அமெரிக்க ராணுவம் எழுப்பிய ஜப்பானியத் தொழிலாளர் வீடுகளை அச்சு அசலாக வடிவமைத்துக் கொடுத்ததும் அதே ரேமண்ட்தான். ஜப்பானிய வீட்டின் ஒவ்வொரு இணைப்பையும் நேசித்துக் கற்றவரின் அறிவு அதை எரிப்பதற்குப் பயன்பட்டது. ரேமண்டின் வாழ்க்கையைச் சொல்லும்போது இதைத் தாண்டிப் போவது சரியில்லை. போருக்குப் பிறகு அவர் ஜப்பான் திரும்பி, மீண்டும் பல ஆண்டுகள் கட்டினார். 1976-ல் இறந்தார். நாகஷிமா மரவேலைக் கலைஞராக உலகப் பெயர் பெற்றார். 1960-களில் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்திலும் அவருடைய அறைகலன் வேலை நடந்தது.

வெயில் கணக்கு

சரி, இந்த வரைபடத்தில் அப்படி என்ன இருக்கிறது? புதுச்சேரி ஏறக்குறைய வடக்கு 12 டிகிரியில் இருக்கிறது. அதை வைத்தே பெரும்பாலானதை விளக்கிவிடலாம்.

1. ஏப்ரல் 22 வாக்கிலும் ஆகஸ்ட் 21 வாக்கிலும் மதியம் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். ஜூன் 21-ல் உச்சியைத் தாண்டி வடக்கே சுமார் 11.5 டிகிரி. டிசம்பர் 21-ல் தெற்கே சுமார் 35.5 டிகிரி சாய்ந்திருக்கும்.

2. இரண்டு அடி, அதாவது 60 செ.மீ. சன்ஷேடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் மதியத்தில் வடக்குச் சுவரில் அதன் நிழல் மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகக் கீழே இறங்கும், ஜன்னல் முழுக்க நிழல்தான். டிசம்பர் மதியத்தில் தெற்குச் சுவரில் 84 செ.மீ. வரை நிழல் கிடைக்கும். மேற்குச் சுவரில்? மார்ச்சிலோ செப்டம்பரிலோ மாலை நாலு மணிக்குச் சூரியன் சுமார் 30 டிகிரி உயரத்தில் இருக்கும். நிழல் 35 செ.மீ.தான். நாலு அடி ஜன்னலின் முக்கால் பாகம் வெயிலில் காயும்.

3. அதனால் கோல்கோண்டின் நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கின்றன. கிழக்கும் மேற்கும் பார்க்கும் குறுகிய முனைகள் அடைத்த சுவர்கள்.

4. உச்சி வெயில் முழுக்க விழுவது கூரையில். அதனால் கூரை இரட்டை. தட்டையான தளத்தின் மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகள் தனியாக நிற்கின்றன, நடுவில் காற்று ஓடும். தளத்துக்குக் குடை பிடித்தது போல.

5. நம் ஊர் வெப்பத்தில் தொல்லை பாதி வெயில், பாதி ஈரப்பதம். காற்று உடம்பின் மேல் ஓடினால்தான் வியர்வை உலரும். மதியத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கிலும் தென்கிழக்கிலும் இருந்து வருகிறது. அறைகள் தெற்கில், நடைபாதை வடக்கில் என்று ஒற்றை வரிசையாக வைத்ததால் அந்தக் காற்று ஒரு பக்கம் நுழைந்து அறையைக் கடந்து மறுபக்கம் போகிறது. நடுவில் நடைபாதை, இருபுறமும் அறை என்று நம் லாட்ஜுகளில் இருக்கும் அமைப்பில் இது நடக்காது.

இந்தக் கணக்கையெல்லாம் கையால் தொட்டுப் பார்க்கும்படி இருப்பது லூவர்தான். இரண்டு நீண்ட முகப்புகளிலும் தரைதளம் முதல் மேல்தளம் வரை ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் பலகைகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. ஜன்னல் என்று தனியாக எதுவும் தேவைப்படாததற்கு அதுதான் காரணம். சுவரே திறக்கிறது. உள்ளிருந்து பித்தளைப் பிடியை அசைத்தால் அந்தப் பகுதியின் பலகைகள் சேர்ந்தாற்போல் சாயும். நன்றாகத் திறந்தால் தோட்டம் தெரியும், கொஞ்சம் சாய்த்தால் வெயில் நின்று காற்று வரும், மழைக்கு மூடிக்கொள்ளலாம். கண்ணாடி ஜன்னலில் திறப்பு அல்லது மூடல், இரண்டே நிலை. அறைக்கும் நடைபாதைக்கும் நடுவில் தேக்குச் சட்டங்களாலான தள்ளுகதவு. சட்டங்கள் முன்னும் பின்னும் மாற்றி வைக்கப்பட்டிருப்பதால் காற்று போகும், பார்வை போகாது. தரையில் மெருகேற்றிய கறுப்புக் கடப்பா கல். உள்சுவர்களில் சிப்பிச் சுண்ணாம்பு தேய்த்த வழுவழுப்புப் பூச்சு. அது நம் பக்கத்துக் கொத்தனார்களின் பரம்பரைக் கைவேலை.

இதில் ஜப்பானின் தள்ளுகதவு இருக்கிறது, ஐரோப்பாவின் கான்கிரீட் இருக்கிறது, தமிழ்நாட்டுச் சுண்ணாம்பு இருக்கிறது. ஆனால் ஒன்றுகூட அழகுக்காகச் செருகப்படவில்லை, ஒவ்வொன்றையும் எடுத்து ஏன் என்று கேட்டால் பதில் கிடைக்கிறது. ரேமண்டின் அணுகுமுறை என்று சொல்வதானால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

கான்கிரீட்டும் உப்புக்காற்றும்

கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் பூசாத கான்கிரீட் எண்பது ஆண்டு தாண்டியும் நிற்பது பலருக்கு வியப்பு. பத்து, பதினைந்து வருடத்திலேயே தளத்தின் அடிப்பக்கம் உரிந்து கம்பி வெளியே தெரியும் வீடுகளை நாம் ஊரெங்கும் பார்க்கிறோம்.

காரணம் எளிது. உப்புக்காற்றில் இருக்கும் குளோரைடு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே கம்பி வரை போகிறது. கம்பி துருப்பிடித்தால் பருத்துக்கொள்ளும். பருத்த கம்பி கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். இதைத் தள்ளிப்போட, கலவை நெருக்கமாக இருக்க வேண்டும், கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் நடுவில் போதிய கான்கிரீட் மூடல் இருக்க வேண்டும், நன்றாகத் தண்ணீர் விட்டு ஆற்ற வேண்டும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதிநூலான ஐஎஸ் 456, கடலோரச் சூழலுக்குக் குறைந்தது எம்30 கலவை (எண் கூடினால் பலம் கூடும்), 45 மி.மீ. மூடல் என்கிறது. உள்நாட்டு வழக்கப்படி எம்20, 20 மி.மீ. என்று போட்டுவிட்டுப் போவதுதான் தளங்களில் சாதாரணமாக நடக்கிறது.

மற்றது பராமரிப்பு. கடற்கரைச் சாலையில் இருந்த மேரி கட்டிடம் 2014 நவம்பரில் மழையில் இடிந்து விழுந்தது நினைவிருக்கும். அது 19-ம் நூற்றாண்டுச் செங்கல், சுண்ணாம்புக் கட்டிடம். மீண்டும் கட்டி 2021-ல் திறந்தார்கள். பழையது என்பதால் மட்டும் ஒரு கட்டிடம் விழுவதில்லை, நீர் இறங்கும் இடத்தை ஆண்டுக்கணக்கில் பார்க்காமல் விட்டால் விழும். கோல்கோண்டில் துடைப்பது, எண்ணெய் போடுவது, பழுது பார்ப்பது எல்லாம் அங்கே தங்குகிறவர்களின் அன்றாடக் கடமைகளில் சேர்ந்தவை. விடுதிப் பொறுப்பில் இருந்த மோனா பின்டோ பல பத்தாண்டுகள் அந்த ஒழுங்கைக் காத்தார். கட்டியவர்கள் பட்டியலில் அவரையும் சேர்க்கலாம்.

நம் வீட்டுக்கு எது ஒத்துவரும்

எல்லாவற்றையும் அப்படியே எடுக்க முடியாது. லூவர் சத்தத்தைத் தடுக்காது. கோல்கோண்டில் அமைதி விதி. பக்கத்து வீட்டு டிவி கேட்கும் தெருவில் அது சரிப்படாது. கொசுவலை தனியாக வேண்டும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியதே, அப்படிப்பட்ட சாரலை எந்த லூவரும் கண்ணாடி போல அடைக்காது. ஆஸ்பெஸ்டாஸ் தூள் நுரையீரலுக்குக் கேடு என்பதால் இன்று அந்தப் பொருளையே தொட வேண்டாம், ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத ஃபைபர் சிமெண்ட் பலகைகளும் அலுமினியமும் இருக்கின்றன. பக்கச் சுவர் ஒட்டிய குறுகிய மனைகளில் வடக்கு தெற்காகத் திறக்க வழியே இருக்காது. அங்கே வைசியாள் வீதிப் பழைய வீடுகளின் முற்றம் நல்ல விடை.

ஆனால் லாஸ்பேட்டையிலும் ரெட்டியார்பாளையத்திலும் எழும் அடுக்குமாடிகளில் மேற்கு முகம் முழுக்கக் கண்ணாடி ஒட்டி, உள்ளே ஏசி வைத்துச் சமாளிப்பதற்கு மேலே சொன்ன 35 செ.மீ. கணக்கே போதுமான மறுப்பு. வரைபடம் கையில் வந்ததும் கேட்க வேண்டியவை இவை:

1. மேற்குச் சுவரில் என்ன வருகிறது? படுக்கையறை என்றால் மாடிப்படி, குளியலறை, அலமாரி ஆகியவற்றில் ஏதாவது ஒன்றோடு மாற்ற முடியுமா?

2. ஒவ்வோர் அறையிலும் காற்று நுழைய ஒன்று, வெளியேற ஒன்று என்று இரண்டு திறப்பு இருக்கிறதா? வெட்டுப் படத்தில் காட்டச் சொல்லுங்கள்.

3. மொட்டை மாடிக்கு மேல் நிழல் உண்டா? வெறும் தளம்தான் என்றால் கடைசி மாடி ஏப்ரலில் இரவிலும் சுடும்.

4. எந்தக் கலவை, எத்தனை மி.மீ. மூடல்? கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக்கை, கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள் டேப்போடு போய் அளந்து பார்த்துவிடுங்கள். போட்ட பிறகு அதைப் பார்க்க வழியில்லை.